சுருக்கம் விழாத பேண்ட்

தெருவில் அவனுக்குக் கர்ட்டன் என்று பெயர். ஜன்னலுக்கும் வாசலுக்கும் திரை தைக்கிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவனும் அதைக் குறையாக நினைத்ததில்லை, பட்டமாகவே எடுத்துக்கொண்டான். சட்டை, பேண்ட் தைக்கிறவர்களைப் பார்த்தால் அவனுக்கு ஒரு இளக்காரம் உண்டு. "அவங்க தொப்பைக்கும் கூனுக்கும் தைக்கிறாங்க. நான் சுவத்துக்குத் தைக்கிறேன். சுவரு இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு இருக்காது" என்பான். சுவர் உட்காராது, குனியாது, எட்டி எதையும் எடுக்காது என்பது மட்டும் அவனுக்கு உறைக்க நாளாயிற்று.

அவன் மனைவி பஸ் ஓட்டுகிறாள். ஊருக்குள் சுற்றி வருகிற பெரிய பஸ். டிப்போவில் வருஷா வருஷம் யூனிபார்முக்குக் கருநீலத் துணி கொடுத்துவிடுவார்கள், தைத்துப் போட்டுக்கொள்வது அவரவர் பாடு. முதல் தடவை துணி கைக்கு வந்ததும் கர்ட்டன் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான். வீட்டில் மெஷினோடு ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பெண்டாட்டி வெளியில் போய்த் தைப்பதா. இடுப்பை அளந்தான், நீளத்தை அளந்தான், வெட்டினான், தைத்தான், கைபட்டால் அறுத்துவிடும்போல மடிப்பு வைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தான். அவள் போட்டுக்கொண்டு நின்றாள். கம்பியில் மாட்டிய திரை மாதிரி நேராக விழுந்தது. "நல்லா இருக்குங்க" என்றாள்.

முதல் நாள் அவள் திரும்பும்போது கர்ட்டன் ஒரு ஓட்டலில் திரை மாட்டப் போயிருந்தான். மறுநாள் அவளே இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள், சாயங்காலம் திரும்பி வந்தாள். பேண்டில் ஒரு சுருக்கம் இல்லை. காலையில் வைத்த மடிப்பு வைத்தபடியே இருந்தது.

கர்ட்டனுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர் வரிசையில் பேண்ட் மட்டுமே தைக்கிற பெரியவர் ஒருவர் கடை வைத்திருந்தார், மாஸ்டர் என்பார்கள். நேரே அங்கேதான் போனான். "நாள் முழுக்க பஸ் ஓட்டிட்டு வர்றா மாஸ்டர், ஒரு சுருக்கம் விழல. கைன்னா இது கை" என்றான். மாஸ்டர் பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டு, "அப்படியா, சந்தோஷம்" என்று மட்டும் சொன்னார். பாவம், பொறாமையில் பேச்சு வரவில்லை என்று இவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பால்காரர், பழைய பேப்பர்காரர், யாரையும் விடவில்லை. தெருவில் அந்தப் பேண்டின் பெருமையைக் கேட்காத காது இல்லை.

அடுத்த வருஷத் துணியை அவள் வீட்டுக்கே கொண்டுவரவில்லை. "உங்களுக்குத்தான் ஓட்டல் ஆர்டர் தலைக்கு மேல கிடக்குதே. டிப்போ பக்கம் ஒருத்தங்க தைக்கிறாங்க, அங்க பார்த்துக்கிட்டேன். நீங்க தைச்சத நல்ல இடத்துக்குப் போட்டுட்டுப் போகலாம்னு எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள். அதுவும் அவனுக்குப் பெருமையாகவே பட்டது. தினசரி உழைப்புக்கு எவனோ தைத்தது, நல்ல இடத்துக்குத் தான் தைத்தது. கணக்கு சரிதானே.

அந்தக் கணக்கு ஒரு நூல்கண்டால் கெட்டது. ஒரு நாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வரும்போது, கடை மேஜையிலிருந்து நூல்கண்டு ஒன்று உருண்டு வாசலுக்கு ஓடியது. அவள் குந்தி உட்கார்ந்து அதைப் பிடித்து, எழுந்து, அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கர்ட்டன் நூல்கண்டைப் பிடித்தபடி அப்படியே நின்றான். அவள் குந்தியபோது பேண்டும் கூடவே குந்தியது. எழுந்தபோது கூடவே எழுந்தது. இடுப்பில் இழுக்கவில்லை, பின்னால் இறங்கவில்லை, முழங்காலில் பிடிக்கவில்லை. அவள் கை தன்னிச்சையாகப் பின்பக்கம் போய்ப் பேண்டை மேலே இழுத்துவிடவும் இல்லை. இப்படி ஒரு பேண்டை அவன் கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

முதலில் தொழில்காரனின் வயிறு எரிந்தது. பிறகு புருஷனின் வயிறும் சேர்ந்துகொண்டது.

ஏனென்றால் அவன் டேப் பிடிக்கிறவன். ஒரு பேண்ட் இப்படிப் பொருந்த வேண்டுமென்றால் டேப் எங்கெல்லாம் போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இடுப்பு, அதற்குக் கீழே, தொடை, முழங்கால், உள்காலின் நீளம். தான் அளந்தபோது இடுப்பையும் நீளத்தையும் மட்டும் எடுத்தது நினைவுக்கு வந்தது. அகலம், உயரம், ஜன்னலுக்கு அவ்வளவுதானே. டிப்போ பக்கத்தில் எவனோ ஒருவன் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் திரும்புங்க மேடம்" என்று சொல்வது அவன் கண்முன்னால் வந்து நின்றது. வந்து நின்றவன் மீசை வைத்திருந்தான். நல்ல உயரமாகவும் இருந்தான்.

சாப்பிடும்போது கேட்டான். "அந்தத் தையக்காரன் யாரு?"

"எதுக்கு?"

"சும்மாத்தான்."

"சும்மான்னா சும்மாவே இருங்க" என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அந்த எழுந்திருப்பில்கூட அந்தப் பாழாய்ப்போன பேண்ட் ஒரு இடத்திலும் பிடிக்கவில்லை.

அவளுக்கு வார விடுமுறை வந்தது. டிப்போவுக்குப் பின்தெருவில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். அந்தப் பக்கம் அவள் தலை மறைந்ததும் இந்தப் பக்கம் கர்ட்டன் கொடியிலிருந்து பேண்டை உருவினான். காய்ந்தும் காயாமலும் இருந்ததைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாஸ்டர் கடைக்குப் போனான். "ஒரு கஸ்டமரோடது. யாரு கைன்னு சொல்ல முடியுமா மாஸ்டர்?" என்றான். காதில் பூ சுற்றுகிற அந்த முகத்தை மாஸ்டர் ஒருமுறை பார்த்தார். பேண்டை உள்பக்கமாகத் திருப்பினார். தையலில் விரலை ஓட்டினார். கால்சந்தில் இரண்டு கையையும் விட்டு இழுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"தொழில்காரங்க கை இல்லப்பா. ஓரம் அடிச்சிருக்கிற லட்சணத்தப் பாரு, எலி கடிச்ச மாதிரி. ஆனா வெட்டு இருக்கே..." என்று நிறுத்தினார். "இந்த உடம்பு அவங்களுக்கு அத்துப்படி. எங்க மடங்கும், எங்க அழுந்தும், எல்லாம் தெரிஞ்சு வெட்டியிருக்கு. டேப் வெச்சு அளந்தா இது வராது."

டேப் வைத்து அளந்தால் வராது என்றால், வேறு எதை வைத்து அளந்தான்? கர்ட்டன் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இந்த ஒரு கேள்வியை மென்றுகொண்டே வந்தான். தொழில்காரனாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, கூலிக்கு அளந்தான் என்று விட்டுவிடலாம். தொழில்காரன் இல்லை, உடம்பு அத்துப்படி என்கிறார்.

ஆனால் கோபம் வந்தால் கத்துகிற ஜாதி இல்லை கர்ட்டன். தைக்கிற ஜாதி. அச்சு அசலாக இதே மாதிரி ஒன்று தைத்துக் கொடுத்துவிட்டால் அந்த மீசைக்காரனுக்கு அவள் இடுப்பில் என்ன வேலை. அதே நிறத்தில் துணி வாங்கிக்கொண்டு கடைக்கதவைப் பாதி சாத்தினான்.

முதல் காரியமாக இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினான். இஸ்திரி போடாத துணியை அளக்க அவன் கை வராது, அது அவன் தொழில் புத்தி. பேண்டின் முழங்காலில் இரண்டு மேடு இருந்தது, பின்பக்கம் கிண்ணம் மாதிரி ஒரு குழிவு, மடியில் குறுக்காகச் சில வரிகள். எல்லாவற்றையும் தண்ணீர் தெளித்து, அழுத்தி, சப்பையாக்கினான். பிறகு புதுத்துணியின் மேல் விரித்து, சாக்கட்டியால் சுற்றிலும் கோடு போட்டான். அப்போதுதான் கவனித்தான், இடது கால் வலதைவிட அகலமாக இருந்தது. பின்பக்க இடுப்பு முன்பக்கத்தைவிடத் தூக்கி நின்றது. கர்ட்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு. இதுகூட ஒழுங்காக வெட்டத் தெரியாதவனையா மாஸ்டர் தூக்கி வைத்துப் பேசினார். திரையில் ஒரு ஓரம் தூக்கி நின்றால் ஆர்டர் அப்படியே திரும்பி வந்துவிடும். இடது காலை வலதுக்குச் சமமாக்கினான். பின்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கி முன்பக்கத்தோடு சேர்த்தான். பழசில் இருந்த தப்பையெல்லாம் திருத்தியாயிற்று என்ற திருப்தியோடு தைத்து முடித்தான்.

அவள் திரும்பி வந்ததும் நீட்டினான்.

"எப்போ தைச்சீங்க?"

"நீ அங்க போயிருந்தப்போதான். இனிமே அவன்கிட்ட குடுக்காத."

"எவன்கிட்ட?"

"அவன்தான். தைக்கிறானே, அவன்."

அவள் வாயைத் திறந்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். புதுப் பேண்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கம்பியில் மாட்டிய திரை மாதிரி நேராக விழுந்தது. "நல்லா இருக்குங்க" என்றாள். இதே வார்த்தையை முன்பும் கேட்டிருக்கிறோமே என்று அவனுக்குத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் இருப்பவனுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்.

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனாள். சாயங்காலம் அதோடுதான் வந்தாள். கர்ட்டன் முன்னும் பின்னும் நடந்து பார்த்தான். மருந்துக்கும் ஒரு சுருக்கம் இல்லை. அவள் குளிக்கப் போனதும் கால் தரையில் பாவாமல் மாஸ்டர் கடைக்கு ஓடினான்.

"வீட்டுக்காரிக்குப் புதுசா ஒண்ணு தைச்சேன். இன்னைக்கு முழுக்க ஓட்டிட்டு வந்தா. பழையபடி ஒரு சுருக்கம் இல்ல."

மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார். "உட்காரு" என்றார். "முதல் பேண்டுக்கும் இதையேதான் சொன்ன. அப்ப சொல்ல எனக்கு மனசு வரல. நாள் பூரா உட்கார்ந்து வேலை செய்யறவங்க பேண்ட்ல சுருக்கமே விழலன்னா, அதுக்கு ஒரு அர்த்தம்தான்பா. அத அவங்க போட்டுக்கல."

"போட்டுக்கிட்டுத்தான் போனா. நான் பார்த்தேன்."

"போனாங்க. ஓட்டும்போது போட்டிருந்தாங்களா?"

கர்ட்டன் வீடு வந்து சேர்ந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை. கொல்லைப்பக்கக் கொடியில் மீசைக்காரன் தைத்த பேண்ட் தொங்கியது, இப்போதுதான் அலசியது, நுனியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பையில் மடித்துக் கொண்டுபோய், டிப்போவில் மாற்றி, திரும்பும்போது மறுபடியும் மாற்றி. தான் தைத்தது தெருவைத் தாண்டும்வரை. அவன் தைத்தது நாள் முழுக்க. நினைக்க நினைக்கக் காது மடல் சுட்டது. ஈரத்தோடு உருவி மேஜையில் போட்டு, பிளேடால் இடுப்புப்பட்டையைக் கீறினான். அப்படி என்னதான் வைத்துத் தைத்திருக்கிறான் என்று பார்த்துவிட வேண்டும்.

உள்ளே ஒரு விறைப்பான வெள்ளைப் பட்டை இருந்தது. திரையின் தலைப்பு தொய்யாமல் நிற்க உள்ளே கொடுத்துத் தைப்பது. அதில் சாணுக்குச் சாண் நீலப் பென்சிலால் ஒரு கோடு, கோட்டின் தலையில் ஒரு சிறு கொக்கி. அந்தக் கொக்கியை இந்த ஊரில் ஒருத்தன்தான் போடுவான். அது கர்ட்டனின் கொக்கி. அவன் கடைத் துண்டு.

"என் பேண்ட ஏன் பிரிச்சீங்க?" என்று பின்னால் குரல் கேட்டது. ஈரத்தலையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இத யாரு தைச்சது?"

"நான்தான்."

அவனுக்குப் புரியவில்லை. "யாருன்னு கேட்டேன்."

"நான்தாங்க. தங்கச்சி வீட்டு மெஷின்ல. டிப்போ பக்கம்னு சொன்னேன்ல, அவ வீடு டிப்போ பக்கம்தான இருக்கு."

ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவள் என்று இத்தனை காலமும் அவன் நினைத்துக்கொண்டிருந்த பெண் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள். முதல் பேண்டைப் போட்டுக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தாளாம். "பிரேக்க நான் மிதிக்கறதுக்கு முன்னாடி அது என்னை மிதிச்சிருச்சு. முன்னாடி வயித்த அறுக்குது, பின்னாடி இறங்கிப் போகுது. கண்டக்டரு பார்த்துட்டு ஒண்ணும் பேசாம அவரு மழைக்கோட்ட எடுத்துக் குடுத்தாரு. இடுப்புல கட்டிக்கிட்டு ஓட்டினேன்." டிரைவிங் பழகிய காலத்துப் பழைய பேண்ட் ஒன்று அவளிடம் இருந்தது. அதைத்தான் மறுநாளிலிருந்து டிப்போ அலமாரியில் வைத்து, போனதும் மாற்றிக்கொண்டாள். அது தேய்ந்து வெளுத்துக் கிழியப் போனபோது, அதை வைத்தே இன்னொன்று வெட்டினாள்.

"எப்படி வெட்டின?"

"போட்டுக் கழட்டினபடியே வெச்சேன். உட்கார்ந்த சுருக்கமெல்லாம் அப்படியே இருக்கணும்ல, இஸ்திரி போட்டா எல்லாம் போயிடும். உள்பக்கமாத் திருப்பி, ஒவ்வொரு துண்டா பின் குத்தி, ஓரத்த விரலால தடவித் தடவிக் கோடு போட்டேன். கிளட்ச் மிதிக்கிற கால் இடது கால், அதுக்குக் கொஞ்சம் தாராளம் வேணும். குனிஞ்சு கண்ணாடியப் பார்க்கணும், அதுக்குப் பின்னாடி உசரம் வேணும். மூணு தடவ பிரிச்சேன். அப்புறம் வந்துருச்சு."

திருத்திய தப்பெல்லாம் ஒவ்வொன்றாக வந்து கர்ட்டன் முன்னால் நின்றது. "ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள தெரு முழுக்க நீங்க சுருக்கம் விழலன்னு சொல்லி முடிச்சிருந்தீங்க. அப்புறம் எந்த வாயால சொல்றது?"

மீசைக்காரன் ஒழிந்தான். நிம்மதி வந்திருக்க வேண்டும். ஒரு நிமிஷம் வந்தது, உடனே போய்விட்டது. எவனோ ஒருவன் என்றால் திட்டித் தீர்த்திருக்கலாம், கடை முன்னால் போய் முறைத்துவிட்டு வந்திருக்கலாம். இவளைப் பார்த்து என்ன முறைப்பது. தன் வீட்டில், தன் குப்பைத் துண்டை எடுத்து, தன்னால் முடியாததைச் செய்துவிட்டு, அதைச் சொல்லாமல் தன் மானத்தையும் காப்பாற்றி வைத்திருக்கிறாள். அவனுக்கு அவள்மேல் வந்தது சுத்தமான பொறாமை. எந்தச் சாக்கும் கலக்காதது.

"இன்னொன்னு தைக்கிறேன்" என்றான்.

அவள் பெருமூச்சு விட்டாள். "நீங்க ஒரு நாளாவது என் பஸ்ல ஏறியிருக்கீங்களா?"

ஏறியதில்லை. கடையும் வீடும் ஒன்றாக இருப்பவனுக்கு பஸ் எதற்கு. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு ஏறினான். டிரைவருக்குப் பக்கவாட்டு சீட்டில், அவள் முழு உருவமும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தான். பிரிந்த இடுப்புப்பட்டையைக் கையால் இழுத்துத் தைத்து அதே பேண்டைத்தான் போட்டிருந்தாள். இடது கால் போய்ப் போய் வந்தது, ஓயவே இல்லை. திருப்பத்தில் உடம்பு முழுக்க வலது பக்கம் சாய்ந்தது. கண்ணாடிக்காகக் குனியும்போது முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்து மூடியது. கூட வாழ்கிறவளை அவன் நின்றும் நடந்தும்தான் பார்த்திருக்கிறான். வீட்டில் அவள் இப்படி உட்கார்ந்ததே இல்லை.

பொறாமை அங்கேயும் விடவில்லை, இன்னும் பெருத்தது. ஏறிய கிழவி ஒருத்தி, "எங்க டிரைவரம்மா வந்தா உடம்பு அலுங்காது" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னாள். எங்க என்றாளே, அது அவனுக்குச் சுருக்கென்றது. பெரிய ரவுண்டானா தாண்டியதும் கண்டக்டர் கேட்காமலேயே தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து நீட்டினார், அவள் திரும்பிப் பார்க்காமலேயே வாங்கிக் குடித்தாள். அவளுக்கு எங்கே தாகம் எடுக்கும் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை பேரும் தினம் தினம் பார்ப்பதைப் பார்க்காத ஒரே ஆள் அவள் புருஷன்தான்.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கியபிறகு அவள் திரும்பினாள். "டிக்கெட் எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"என்ன பார்த்தீங்க?"

"இடது கால" என்றான். அன்று ஷிப்ட் முடிகிறவரை அவன் அந்த சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு அவள் கழற்றிப் போட்ட பேண்டை, துவைக்காமல், வியர்வையோடு, சுருக்கத்தோடு எடுத்துக்கொண்டான். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தான். உள்பக்கம் திருப்பி, துண்டு துண்டாகப் பின் குத்தி, விரலால் தடவிக் கோடு போட்டான். இடது காலின் தாராளத்தைத் தொடவில்லை. பின்பக்கம் தூக்கி நின்றதை அப்படியே விட்டான், அங்கே போன கத்தரியை ஒருமுறை பின்னால் இழுத்துக்கொண்டான். "கால்சந்துல நான் ஒரு கை பார்க்கட்டுமா?" என்று அவள் எட்டிப் பார்த்தாள். "நீ அந்தப் பக்கம் போ" என்று விரட்டினான். ஓரத்தை மட்டும் தன் வழக்கப்படி திரைக்கு அடிக்கிற மாதிரி மடித்து, ஒரு பிசிறு இல்லாமல் அடித்தான். அதிலாவது அவளை ஜெயிக்க வேண்டாமா.

அவள் போட்டுக்கொண்டு நின்றபோது அது நேராக விழவில்லை. முழங்காலில் லேசாக வளைந்து, பின்பக்கம் துணி மிச்சமாகத் தெரிந்தது. நிற்பதற்கு அழகான பேண்ட் இல்லை. அவள் நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள், காலை நீட்டி மடக்கினாள், எழுந்தாள், வேலைக்குக் கிளம்பிவிட்டாள். பையில் எதையாவது மடித்து வைத்தாளா என்று அவன் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று மெஷின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

அன்றைக்குத் தைத்த திரையெல்லாம் கோணல். சாயங்காலம் அவள் வருகிற நேரத்துக்கு வாசலில் வந்து நின்றான். தெருமுனை திரும்பி அவள் வந்தாள். தொடைமேல் குறுக்காக ஆழமான சுருக்கங்கள். முழங்காலுக்குப் பின்னால் துணி கசங்கிச் சுருண்டிருந்தது. இடது கணுக்கால் பக்கம் ஒரு கிரீஸ் கறை. பின்பக்கம் சீட்டின் வரிகள் அப்படியே பதிந்திருந்தன. கர்ட்டன் கண்ணெடுக்காமல் பார்த்தான்.

"தொடைகிட்ட கொஞ்சம் பிடிக்குது" என்றாள் அவள், வாசலில் செருப்பைக் கழற்றியபடி. "ஆனாலும் மாத்தல."

எதிர் வரிசையில் மாஸ்டர் கடை வாசலுக்கு வந்து கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். "என்னப்பா கர்ட்டன், இப்படிக் கசங்கி வந்திருக்கு?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"ஆமா மாஸ்டர்" என்றான் அவன். "நல்லாக் கசங்கியிருக்கு."